கடைசியாக நன்றாக இருந்த நேரம்

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லாரும் வலது கையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எனக்குத் தொல்லை இடது கைதான். வலது கை நகத்தை வெட்ட இடது கை இருக்கிறது. இடது கை நகத்தை யார் வெட்டுவது? வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் இந்தக் கேள்வியே வராது. நான் தனியாக இருக்கிறேன். அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் இருந்த ஊருக்கும் எனக்கும் நடுவில் ஒரு விமானப் பயணமும் பல மணி நேர வித்தியாசமும் உண்டு.

கடைசியில், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு பலகையைக் கொடுத்தார். அதன் மேல் நகவெட்டி திருகி வைத்திருக்கும். அடியில் மேஜையைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் குமிழ்கள். இடது விரலை நகவெட்டியின் வாயில் நுழைத்துவிட்டு, வலது முழங்கைக்குக் கீழே உள்ள எலும்பால் பிடியை அழுத்த வேண்டும். கையை விரல்களால் இயக்கத் தெரியாவிட்டாலும் எடையாகப் பயன்படுத்தலாம் என்று அன்றுதான் தெரிந்தது. கட்டைவிரல் மட்டும் இன்னும் ஒழுங்காக வருவதில்லை. அதை அரத்தில் தேய்த்துக்கொள்கிறேன்.

வலது கைக்கு வேறு கதை. விரல்கள் தானாக மடங்கி முஷ்டியாகிவிடும். நகம் உள்ளங்கையில் குத்தும். முஷ்டியை நேராகப் பிரிக்கப் போனால் இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்க வேண்டும். அப்போது விரல்களின் பிடி தளரும். கட்டைவிரலை அடியிலிருந்து வெளியே எடுத்தால் மற்றவை ஒவ்வொன்றாக வரும். இதைப் பலவந்தமாகச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசி. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பலவீனக் கால் முன்னே. இவை எல்லாம் இப்போது யோசிக்காமலே வருகின்றன. வராதது மாத்திரை அட்டைதான். ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. ஒரு கையால் மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினால் பாதி நாள் மாத்திரை கட்டிலுக்கு அடியில் பறந்துவிடும். குனிந்து தேடி எடுப்பது பிசியோ சொல்லித்தராத பயிற்சி.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், இவற்றைச் சொல்ல எனக்கு ஆளில்லை என்பதுதான். அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. என் நிலைமையில் இருக்கும் வினோதம் இது: இங்கே என்னைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு முன்பு நான் எப்படி இருந்தேன் என்று தெரியாது. முன்பு எப்படி இருந்தேன் என்று தெரிந்தவர்கள் இப்போது என்னைப் பார்ப்பதில்லை. இரண்டையும் அறிந்த ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா.

அது வந்த காலைப்பொழுதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலாரம் அடித்தது. நிறுத்தக் கையை நீட்டினேன், கை வரவில்லை. தலைமாட்டில் இருந்த ஃபோனை இடது கட்டைவிரலால் தட்டியதில், முந்தின இரவு கடைசியாகப் பேசிய எண்ணுக்கே போனது. அம்மா எடுத்தாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. "ஏண்டி, நாக்கு ஏன் இப்படிக் குழறுது? டேய், இங்க வாடா, இவ பேச்சே சரியில்ல!" என்று அவள் அண்ணனைக் கூப்பிட்டது மட்டும் கேட்டது. அவனிடம் என் கீழ்வீட்டுக்காரர் எண் இருந்தது. அவர் வந்து கதவைத் திறக்கச் செய்து, ஆம்புலன்ஸ் வரவழைத்தார். முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா என்ற பக்கவாதத்தின் மூன்று அடையாளங்களில் மூன்றாவதை, கண்ணால் பார்க்காமல், தூரத்து ஊரிலிருந்து காதால் கண்டுபிடித்தவள் அம்மா.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "கடைசியாக இவர் நன்றாக இருந்தது எப்போது?" எப்போது ஆரம்பித்தது என்று அவர்கள் கேட்பதில்லை. தூக்கத்தில் வந்தால் அது யாருக்கும் தெரியாது. மூளையில் அடைப்பு ஏற்படுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது விழிக்கும்போதுதான் தெரியவருகிறது. அதனால் கடைசியாக நன்றாக இருந்ததாக யாராவது உறுதி சொல்லும் நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவன், குளியலறைக்கு எழுந்தபோது பார்த்த மகள், இப்படி யாராவது இருந்தால் அந்த நேரம் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். தனியாக இருப்பவளுக்கு யார் சாட்சி?

கீழ்வீட்டுக்காரர் முழித்தார். அண்ணன் ஃபோனில் இருந்தான். அம்மாவின் ஃபோனைப் பார்த்து, முந்தின இரவு நாங்கள் பேசி முடித்த நேரத்தைச் சொன்னான். பின்னால் இருந்து அம்மா, "நல்லாத்தான் பேசினா, என்னைப் பேசவே விடல" என்றாளாம். என் மருத்துவக் குறிப்பில் கடைசியாக நன்றாக இருந்த நேரம் என்று எழுதியிருப்பது அம்மாவின் அந்த வாக்குமூலம்தான். நாலரை மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. தூக்கத்தில் வந்தவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் பாதிப்பு புதியதாகத் தெரிந்தால் மருந்து கொடுக்கலாம் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எனக்கும் படம் எடுத்தார்கள். பாதிப்பு பழையதாகிவிட்டது என்றது படம். அடைப்பு சின்னக் கிளையில் இருந்ததால் கம்பி விட்டு எடுக்கவும் வழியில்லை. அவ்வளவுதான். யார் மேலும் எனக்குக் குறை இல்லை.

பாதிக்கப்பட்டது மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அங்கேதான் இருக்கிறது. 1861இல் பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய எல்லாம் புரிந்துகொள்வார், ஆனால் வாயில் வருவது பெரும்பாலும் 'டான்' என்ற ஒரே ஓசை. என் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சொல் தெரியும், அதன் உருவம் மனத்தில் நிற்கும், வாய்க்கு வராது. ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக எண்ணினால் தடையில்லாமல் வரும், "எத்தனை மணி?" என்று கேட்டால் அதே எண் வராது. திட்டுவதற்குத் தடையே இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் நான் முழுசாகச் சொன்ன ஒரே வாக்கியம் இங்கே எழுதக்கூடியதல்ல.

நேரில் பேசும்போது இதைச் சமாளிக்கலாம். முகத்தைப் பார்த்து எதிராளி காத்திருப்பார். ஃபோனில் அப்படியில்லை. நான் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த நிமிடம் அந்தப் பக்கம் வெறும் நிசப்தம். "ஹலோ? ஹலோ? கேக்குதா? கட்டாயிடுச்சு போல" என்று வைத்துவிடுவார்கள். திரும்பக் கூப்பிட்டு, "லைன் சரியில்ல" என்பார்கள். அப்படி எத்தனையோ பேர் என் மூளையின் குற்றத்தைத் தொலைபேசிக் கம்பெனி மேல் போட்டிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

அம்மா மட்டும் வைக்க மாட்டாள். அவளுக்கு எதையும் அவசரமாக முடிக்கும் பழக்கமே கிடையாது. நான் தேடும் வரை அந்தப் பக்கம் அவள் பாட்டுக்கு ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பது கேட்கும். நான் சொல்லி முடித்ததும், "ழ வரல, இன்னொரு தரம் சொல்லு" என்பாள்.

இது பெரிய விஷயம். இங்கே எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் திறமைசாலி, பொறுமைசாலி. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் பேசும் மொழியில்தான் பயிற்சி. இரண்டு மொழி பேசுகிறவருக்குப் பக்கவாதம் வந்தால் எது முதலில் திரும்பும் என்பதில் ஒரு பழைய சண்டை உண்டு. முதலில் கற்றது என்றார் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர். பக்கவாதம் வந்த சமயத்தில் அதிகம் புழங்கியது என்று 1895இல் எழுதினார் பித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர். என் விஷயத்தில் பித்ரே ஜெயித்தார். அலுவலக மொழி முதலில் வந்தது. தமிழ் பின்தங்கியது, அதிலும் நாக்கை மடிக்க வேண்டிய எழுத்துகள் எல்லாம் வழுக்கின. மழையும் மலையும் ஒன்றாகிவிட்டன. பயிற்சியில் நான் எவ்வளவு முன்னேறினேன் என்று அந்தப் பெண் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். அதில் தமிழுக்குக் கட்டமே இல்லை. அந்தக் கணக்கு அம்மா காதில் இருந்தது.

காதுக்குக் கொடுத்ததைக் கண்ணுக்கு நான் கொடுக்கவில்லை. வீடியோ காலில் கைபேசியை இடது பக்கம் தாங்கியில் வைத்து, முகமும் இடது தோளும் மட்டும் தெரிகிற மாதிரி உட்காருவேன். வீல்சேர், கால் பட்டை, மடங்கிய கை எதுவும் சட்டத்துக்குள் வராது. வயதானவள், தூரத்தில் இருக்கிறாள், பார்த்தால் என்ன செய்ய முடியும்? இன்றும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் கொட்டாவி காட்டிக்கொடுத்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு இது நடக்கும். எவ்வளவு முயன்றாலும் அசையாத கை, கொட்டாவி விடும்போது தானாக மேலே எழும்பும். மருத்துவத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, பாராகைனீசியா பிராக்கியாலிஸ் ஆசிட்டன்ஸ். நாமாக கையைத் தூக்கும் பாதை அறுந்திருந்தாலும் கொட்டாவி மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்புவதால் வேறு வழியில் கைக்குப் போகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். முதல் தடவை நான் தனியாக இருந்தபோது வந்தது. கட்டிலில் யாரோ என் கையைத் தூக்குகிற மாதிரி இருந்தது, அலறிவிட்டேன். பிறகு பழகிவிட்டது. வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய கொட்டாவி வந்தது. வலது கை மெதுவாக, மடங்கிய விரல்களோடு, மார்பு வரை ஏறி சட்டத்துக்குள் வந்து நின்றது. வாயை மூடியதும் இறங்கிவிட்டது.

"கை வந்துருச்சு! ஏண்டி, கை வந்துருச்சுடி!" அம்மா கத்தினாள். அண்ணனைக் கூப்பிட்டாள், அண்ணியைக் கூப்பிட்டாள். "இன்னொரு தரம் தூக்கு, இவங்களுக்குக் காட்டு." நான் கொட்டாவி விட முயன்றேன். வேண்டும் என்று விட்டால் அது வேலை செய்யாது. "இன்னைக்கு இவ்ளோதாம்மா, அசதியா இருக்கு" என்றேன். அடுத்த நாளே சொந்தக்காரர்கள் சிலர் கை வந்துவிட்டதாமே என்று கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். நான் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

அம்மா போனது அதற்கும் சில மாதங்கள் கழித்து. உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பவில்லை. நான் போகவில்லை. அப்போது தனியாக ஒரு கழிவறைக்குள் நுழைந்து திரும்புவதே எனக்குப் பெரிய ஏற்பாடு. விமானத்தின் கழிவறையை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை. கூட வர ஆளும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

ஆனால் ஒன்றை எழுத வேண்டும். அண்ணன் கூப்பிட்டு, "அம்மா போயிட்டாங்க" என்றான். நான் சிரித்தேன்.

புன்னகை கூட இல்லை, வாய்விட்ட சிரிப்பு. நிறுத்த நிறுத்த வந்தது. வயிறு வலித்தது. உள்ளே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும்; வெளியே என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, சூடோபல்பர் அஃபெக்ட். உணர்ச்சிக்கும் அதை முகத்தில் காட்டும் இயக்கத்துக்கும் இடையில் உள்ள கட்டுப்பாடு போய்விடுவதால், சம்பந்தமில்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிடும். மருந்து உண்டு, இப்போது நானும் சாப்பிடுகிறேன். அன்று அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வைத்துவிட்டான். மறுநாள் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி விளக்கம் அனுப்பினேன். "பரவால்ல, விடு" என்று பதில் வந்தது. புரிந்துகொண்டு சொன்னானா, பேச விரும்பாமல் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுத்தில் குரல் கேட்பதில்லையே.

அழுகையும் அப்படியே. பேருந்தில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தால் தேம்பித் தேம்பி அழுவேன். அவன் என்னவோ தப்பு செய்துவிட்ட மாதிரி விழிப்பான். அந்த அழுகைக்குப் பின்னால் துக்கம் எதுவும் இருக்காது. ஜன்னல் வழியே எதையாவது பார்த்தால் நின்றுவிடும். அம்மாவுக்காக நான் அழுதது எது, மூளை தன் பாட்டுக்கு அழுதது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். வந்த வேகத்தில் நின்றால் அது மூளையுடையது. நிற்காதவை என்னுடையவை.

மற்ற இழப்புகள் சில்லறை. வங்கியில் இடது கையால் போட்ட கையெழுத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்து, "இது நீங்கள்தானா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. படிவம் நிரப்பி மாற்றிக்கொண்டேன். அசதி வேறு ரகம். தூங்கினால் தீராத அசதி. மாலையில் குளித்துவிட்டு உடை மாற்றினால் அன்றைக்கு வேறு எதுவும் ஓடாது. இதை வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

இரவுகள்தான் சங்கடம். வருகிற பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களுக்கு வருவது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் அதில் நம் கையில் இருப்பதில் பெரியது. காலையும் இரவும் அளந்து எழுதுகிறேன். கூடவே அண்ணனோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். தூங்குவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு குரல்செய்தி. எழுந்ததும் இன்னொன்று. எழுத்துச் செய்தி கூடாது. குழறல் எழுத்தில் தெரியாது. காலைச் செய்தி குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் அவன் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். இப்போது கேட்டால் சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கும். தனியாக இருக்கும் எல்லாருக்கும், பக்கவாதம் வந்தவர்களானாலும் வராதவர்களானாலும், இப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் அண்ணனுக்குக் காது கிடையாது. நான் என்ன சொன்னாலும் கட்டைவிரலை அனுப்புவான். அவன் மகளைக் கேட்டுப் பார்த்தேன். "நீங்க நல்லாத்தான் பேசறீங்க அத்தை" என்றாள். அவளுக்கு மழையும் மலையும் பிறந்ததிலிருந்தே ஒன்றுதான். அவள் நற்சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் அண்ணன் அம்மாவின் ஃபோனைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான். "அழிக்காதே, அதில் நான் அனுப்பிய குரல்செய்திகள் இருக்கும்" என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். கைபேசி விடாமல் சிணுங்கியது.

சிலவற்றைக் கேட்டேன். எல்லாம் பக்கவாதத்துக்கு முன்னால் அனுப்பியவை. அலுவலகப் புகார், வீட்டுக்காரர் புகார், "மாத்திரை போட்டியா" என்ற அதட்டல். என் குரல்தான். ஆனால் என்ன வேகம்! மூச்சு விடாமல், சொல் மேல் சொல்லாக. ழகரம் எல்லாம் பிரமாதம். என்னைப் பேசவே விடல என்று அம்மா டாக்டரிடம் சொன்னது உண்மைதான். இந்தப் பெண்ணிடம் யாருமே குறுக்கே பேச முடியாது. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை பேச்சுப் பயிற்சி இருக்கிறது. அதில் ஒன்றை அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. நான் எங்கிருந்து வருகிறேன் என்பது அட்டவணையில் இல்லை அல்லவா, வேகத்தையாவது கேட்கட்டும்.